தேவனாம்பட்டினம் மணலிலிருந்து காலாப்பட்டு மைதானத்துக்கு: முதல் கால்பந்து முகாமுக்குப் போவது எப்படி?

நான் கால்பந்து பழகியது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில். இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் கோல் கம்பங்கள். பதினான்கு வயதில், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கோடை முகாமுக்குப் போனேன். எனக்கு வந்த முதல் பந்து காலில் பட்டு ஐந்தடி தள்ளி ஓடியது. மணலில் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும், கட்டாந்தரையில் கிடக்காது. இது தெரியாமல் முதல் நாள் முழுவதும் பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தேன். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

முதலில் தாள்கள்

வயதுப் பிரிவைப் பிறந்த தேதி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், புகைப்படம், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பணம் கட்டும் முன் கட்டணத்தில் உணவு உண்டா, மைதானத்தில் முதலுதவிக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள், உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பூட்ஸ்

‘வளர்கிற பிள்ளை’ என்று என் அம்மா இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். நம் ஊர்க் காய்ந்த தரைக்கு, அடியோடு சேர்ந்து வார்த்த ரப்பர் குமிழ்கள் உள்ள பூட்ஸ் சரி. திருகிப் பொருத்தும் உலோகக் குமிழ்கள் ஈரமான புல்தரைக்கு உரியவை. வாங்கியதும் பத்து நாளாவது போட்டுப் பழகுங்கள். முகாமின் முதல் நாளில் புதுப் பூட்ஸ் போடவே கூடாது. முன்னங்கால் காப்பும் வேண்டும். ஆட்ட விதிப்படியே அது கட்டாயம். காலுறை அதை மூடியிருக்க வேண்டும்.

இரண்டு வாரச் சுவர்ப் பயிற்சி

நான் தவறவிட்டது இதைத்தான். வீட்டுப் பக்கத்தில் ஒரு சுவரும் சிமெண்டுத் தரையும் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று பாதத்தின் உட்பக்கத்தால் பந்தைச் சுவரில் அடியுங்கள். திரும்பி வரும் பந்தை நிறுத்தும்போது, அது காலைத் தொடும் நொடியில் காலைச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும். பறந்து வரும் முட்டையைக் கையில் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைத்த காலில் பட்டால் பந்து தெறித்துவிடும். வலது காலுக்கு நூறு, இடது காலுக்கு நூற்றைம்பது. இடது கால்தான் எப்போதும் சோம்பேறி.

பந்தின் அளவையும் பாருங்கள். 12 வயது வரை 4ஆம் எண் பந்து. அதற்கு மேல் 5ஆம் எண். 5ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம்.

போய்ச் சேர்வது

கடலூரிலிருந்து வருகிறவர்கள் புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். அங்கிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வளாகம் மிகப் பெரியது. வாசலில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எந்த மைதானம் என்று முந்தின நாளே கேட்டு, நடக்கவும் நேரம் ஒதுக்குங்கள். ஆறு மணிப் பயிற்சி என்றால் கடலூரில் நாலரைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். கிளம்பும்போது இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். முந்தின இரவு பரோட்டாவுக்கு விடுமுறை கொடுங்கள். தண்ணீரோடு ஒரு பாட்டில் உப்புப் போட்ட மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வியர்வைக்குத் தண்ணீர் மட்டும் போதாது.

முதல் நாள்

பெரும்பாலும் ஓட்டச் சோதனை இருக்கும். 20 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கேற்ப ஓடித் திரும்பும் ‘பீப் டெஸ்ட்’ என்றால், தொடக்க வேகம் மணிக்கு 8.5 கி.மீ. அளவுதான், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வேகம் மணிக்கு அரை கி.மீ. கூடும். எடுத்தவுடன் பாய்ந்து முதலில் போய் நிற்கிறவர்கள்தான் முதலில் உட்காருவார்கள். ஒலியோடு ஒலியாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

அடுத்து, வட்டமாக நிற்கும் ஐந்து பேர் பந்தைத் தங்களுக்குள் கடத்த, நடுவில் இருவர் பறிக்க முயல்வார்கள். இங்கே கோச் பார்ப்பது உங்கள் வித்தைகளை அல்ல. பந்து வருவதற்கு முன்னால் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறீர்களா என்பதைத்தான். புரியாததை உடனே கேளுங்கள். ‘சரி சார்’ என்று தலையாட்டிவிட்டுத் தப்பாகச் செய்கிற பையனாக நான் மூன்று நாள் இருந்தேன்.

வலி வந்தால்

கணுக்கால் பிசகினால் ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரிடம் ஓடாதீர்கள். முதல் இரண்டு நாளில் நீவினால் வீக்கம் கூடும். நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வெயிலில் தலை சுற்றினால் கோச்சிடம் சொல்லிவிட்டு நிழலுக்குப் போங்கள்.

வீடு திரும்பியதும் பூட்ஸைத் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டால் பசை விட்டு அடி பிளந்துகொள்ளும். என்னுடையது ஐந்தாம் நாள் பிளந்தது.