பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே திருத்த

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாட்களில் அவர்களைக் கதை எழுத வைப்பேன். பெரும்பாலும் எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியும்: "ஜெபம் பண்ணினேன். ஏசப்பா காப்பாத்தினார்." அந்த விசுவாசத்தில் நாம் கைவைக்கக் கூடாது. நமக்கு வேலை அதற்கு முந்தின வரிகளில்தான்.

முதலில் பைபிளில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையை வாசித்துக் காட்டுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் உதவி செய்தான் என்று இயேசு ஒரே வரியில் முடித்துவிடவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். அவன் என்னென்ன செய்தான் என்று பிள்ளைகளையே விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் அவர்கள் கதைக்கு வரலாம். பிறகு சேர்க்க இடம் வேண்டும் என்பதால், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிவப்புப் பேனா வேண்டவே வேண்டாம். எழுத்துப் பிழையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எழுதிய பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், பக்கத்துப் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்.

ஒரு பையன் வாசித்தான்: "ஆட்டுக்குட்டி காணாமப் போச்சு. ஜெபம் பண்ணினேன். கிடைச்சுது."

"எங்கே கிடைச்சுது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பம்புசெட்டுக்குப் பின்னாடி. முள்ளுல மாட்டியிருந்துச்சு. கத்தக்கூட இல்ல."

"அதை எழுது" என்றேன். எழுதியதோடு, அம்மா டார்ச் பிடித்ததையும் அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

"மறுபடியும் எழுதணுமா?" என்று சிணுங்கும் பிள்ளைக்கு பைபிளில் எரேமியா 36-ஆம் அதிகாரத்தைச் சொல்லுங்கள். எரேமியா தீர்க்கதரிசி சொல்ல, பாருக் எழுதியிருந்த சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டுவிடுகிறான். மறுபடியும் எரேமியா சொல்லச் சொல்ல, பாருக் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறான். இன்னும் அநேகம் வார்த்தைகளும் அதில் சேருகின்றன. இரண்டாம் முறை எழுதுவது தண்டனை இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கற்பனைக் கதை என்றால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், சிங்கம்கூடப் பேசலாம். தனக்கு நடந்ததைச் சாட்சியாக எழுதினால், நடந்ததை மட்டும்தான் சேர்க்க வேண்டும். தேவதூதன் வந்ததாக ஒரு பிள்ளை நுழைத்தால் அதட்டாதீர்கள். "நீ பார்த்தியாம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அநேகமாக அந்தப் பிள்ளையே ரப்பரைத் தேடி எடுக்கும்.