கிழக்கா, மேற்கா: பீனிக்ஸில் வீடு தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணா, மெரிக்கோப்பான்னு ஒரு ஊர்ல வீடு நல்ல மலிவா கிடைக்குது. மெரிக்கோப்பா கவுண்டிதானே, பீனிக்ஸ் பக்கத்துலதானே இருக்கும்?”

நியூ ஜெர்சியிலிருந்து மாற்றலாகி வரவிருந்த தம்பி ஒருவன் போனில் கேட்டது. பீனிக்ஸ் இருப்பது மெரிக்கோப்பா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி); மெரிக்கோப்பா என்ற நகரம் அந்தக் கவுண்டியில் இல்லை. தெற்கே பினால் கவுண்டியில் இருக்கிறது. அங்கிருந்து சாண்ட்லர் பக்கம் வருவதற்கு 347-ஆம் எண் சாலைதான் முக்கிய வழி. அந்த ஊரில் உள்ள மகா கணபதி கோயிலுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு அந்தச் சாலை பழக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிடப் போவது வேறு, தினமும் காலை ஏழு மணிக்கு அதில் நிற்பது வேறு.

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து இங்கே எல்லோரும் ‘வேலி’ என்பார்கள். பள்ளத்தாக்கு என்ற பொருளில். மேசா, சாண்ட்லர், கில்பர்ட், குவீன் க்ரீக் எல்லாம் ஈஸ்ட் வேலி. க்ளெண்டேல், பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர், பக்ஐ எல்லாம் வெஸ்ட் வேலி. சுமார் 50 லட்சம் பேர் வாழும் இடம். மேற்கே பக்ஐயிலிருந்து கிழக்கே குவீன் க்ரீக் வரை காரில் போனால் 60 மைலுக்கு மேல். புதிதாக வருகிறவர்கள் “ஈஸ்ட் நல்லதா, வெஸ்ட் நல்லதா” என்றுதான் கேட்கிறார்கள். பதினைந்து நிமிடம் பேசியபின் பெரும்பாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வேலியை விடுங்கள், வேலிகளைப் பாருங்கள். பள்ளி எல்லை, மின்சார நிறுவனத்தின் எல்லை, தண்ணீர் எல்லை என்று கண்ணுக்குத் தெரியாத நம்மூர் அர்த்தத்து வேலிகள் இங்கே நிறைய. இரண்டு வீடுகளுக்குள்ள வித்தியாசத்தை அவைதான் தீர்மானிக்கின்றன, லிஸ்டிங்கில் அச்சாகியிருக்கும் ஊர்ப்பெயர் அல்ல.

முகவரியை நம்பி ஏமாறுவது

தபால் முகவரியில் உள்ள ஊர் வேறு, நகராட்சி வேறு. இதற்கு நல்ல உதாரணம் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். வடகிழக்கில் உள்ள இந்தக் குடியிருப்புக்கு முகவரி ஸ்காட்ஸ்டேல். ஆனால் அது ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்குள் இல்லை. அங்கே பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். வறட்சியைக் காரணம் காட்டி, 2023 ஜனவரி 1 முதல் அந்த லாரிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை ஸ்காட்ஸ்டேல் நிறுத்திவிட்டது. பெரிய பெரிய வீடுகளில் இருந்தவர்கள் பாத்திரம் கழுவவும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. அரிசோனாவில் வீடு வாங்கியவர்களுக்குப் புதிது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஓரங்களும் ஒரே படகில்தான். 1980-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ், இந்தப் பகுதியில் புதிதாக மனை பிரித்து விற்பவர்கள் நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய திட்டங்களுக்கு இனி அந்தச் சான்று இல்லை என்று 2023 ஜூனில் மாநில அரசு அறிவித்தது. அதில் அதிகம் அடிபட்ட பெயர்கள் மேற்கே பக்ஐ, கிழக்கே குவீன் க்ரீக். ஏற்கெனவே சான்று பெற்ற மனைகளுக்குப் பாதிப்பில்லை. ஆகவே “வெஸ்ட்ல தண்ணி இல்லையாமே” என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். குறிப்பிட்ட வீட்டுக்கு யார் தண்ணீர் தருகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பள்ளியும் அப்படித்தான். சாண்ட்லரில் வீடு என்றால் சாண்ட்லர் யூனிஃபைட் பள்ளிகள் என்று நினைப்பது சகஜம். மேற்குச் சாண்ட்லரின் ஒரு பகுதி கைரீன் என்ற வேறு பள்ளி மாவட்டத்தில் வரும். கில்பர்ட்டின் ஒரு பகுதியோ சாண்ட்லர் யூனிஃபைடில் வரும். சில இடங்களில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்குமேல் இன்னொன்று. சட்டப்படி, இடம் இருந்தால் வேறு மாவட்டப் பள்ளியிலும் சேர்க்கலாம். பள்ளிப் பேருந்து உங்கள் வாசலுக்கு வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம்: பீனிக்ஸ் நகருக்குள் சென்ட்ரல் அவென்யூவுக்கு மேற்கே எண்ணிட்ட சாலைகள் ‘அவென்யூ’, கிழக்கே ‘ஸ்ட்ரீட்’. 35-ஆவது அவென்யூவும் 35-ஆவது ஸ்ட்ரீட்டும் ஊரின் எதிரெதிர்ப் பக்கங்கள். வீடு பார்க்கப் போய் மாறி நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பிப்ரவரியில், சனிக்கிழமையில் பார்ப்பது

நாங்கள் வீடு பார்த்தது பிப்ரவரி மாதம், சனிக்கிழமைகளில். இதமான வெயில், பேஸ்பால் பயிற்சி ஆட்டங்களுக்கு வந்த கூட்டம். எந்த ஊரைப் பார்த்தாலும் பிடித்தது. குட்இயர் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் நின்றபோது குருவிச் சத்தம்கூடக் கேட்டது. மனைவிக்கு அப்போதே மனம் நிறைந்துவிட்டது. ஏதோ தோன்றி ஒரு செவ்வாய்க்கிழமை காலை மறுபடி போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தரகர் வாயை மூடிக்கொண்டார். தலைக்கு மேல் இரண்டு போர் விமானங்கள். சமையலறைக் கண்ணாடி அதிர்ந்தது. அவை போனபின், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

லூக் விமானப்படைத் தளம் க்ளெண்டேலில் இருக்கிறது. எஃப்-35 விமானிகளுக்குப் பயிற்சி தரும் இடம். சர்ப்ரைஸ், குட்இயர், லிட்ச்ஃபீல்ட் பார்க் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் வார நாளில் ஒருமுறை போய் நிற்பது நல்லது. ஆகாத சத்தம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே இருபது வருடம் இருந்து பழகியவர்கள் உண்டு. கிழக்கிலும் மேசாவில் கேட்வே விமான நிலையம் இருக்கிறது.

வெயிலைப் பொறுத்தவரை கிழக்கு மேற்கு வாதமே வீண். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள், பீனிக்ஸில் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 43 செல்சியஸுக்கு மேல். பார்க்க வேண்டியது வீடு எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்பதை. இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. வாஸ்து பார்த்து, கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று தேடுவார்கள். வாசல் கிழக்கே என்றால் பின்கட்டு மேற்கே. இந்த ஊர் வீடுகளில் பெரிய கண்ணாடிக் கதவும் ஜன்னல்களும் பின்பக்கம்தான். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை வெயில் நேராக ஹாலுக்குள் இறங்கும். உள்ளூர்க்காரர்கள் வடக்கு தெற்காக அமைந்த வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான். வாஸ்து வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்புறத் தட்டி போடும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கரண்ட் பில்லிலும் ஒரு வேலி. எஸ்.ஆர்.பி., ஏ.பி.எஸ். என்று இரண்டு பெரிய நிறுவனங்கள். நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, வீடு இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். கிழக்கில் பெரும்பகுதி எஸ்.ஆர்.பி., மேற்கில் பெரும்பகுதி ஏ.பி.எஸ்., ஆனால் கோடு வளைந்து வளைந்து போகும். ஏ.பி.எஸ்.ஸின் நேரவாரித் திட்டங்களில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை கட்டணம் அதிகம். மேற்கு ஜன்னல் வீட்டில் ஏ.சி. மூச்சு வாங்கும் நேரமும் அதுவே. வீட்டுக்காரரிடம் ஜூலை, ஆகஸ்ட் மாத பில்லைக் கேளுங்கள். மார்ச் மாத பில்லைக் காட்டினால் சிரித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

வேலைக்குப் போகும் பாதையை மைலில் அளப்பது

நீண்ட காலமாக வேலைகள் நடுவிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால், மேற்கே குடியிருந்தவர்கள் காலையில் கிழக்கு நோக்கி ஓட்டினார்கள். சூரியன் நேர் எதிரில். மாலையில் மேற்கு நோக்கித் திரும்பும்போதும் சூரியன் நேர் எதிரில். நவம்பர் மாதம் ஐந்து மணிக்கு ஐ-10 சாலையில் மேற்கே போய்ப் பாருங்கள். சூரியன் சாலையின் முடிவில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடித் தட்டியை இறக்கினாலும் அதற்குக் கீழே நிற்கும். முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஒருவர் தடுமாற, பின்னால் பத்து மைலுக்கு வரிசை. கிழக்கே குடியிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவருக்கு இரு வேளையும் சூரியன் முதுகில். கூகுள் மேப் இதைச் சொல்வதில்லை.

இப்போது கணக்கு மாறிவருகிறது. இன்டெல் சாண்ட்லரில் இருப்பதால் நம்மவர்கள் அந்தப் பக்கமே கூடினார்கள். மளிகைக்கடையும் இட்லி மாவும் அங்கே சுலபம். ஆனால் தைவான் நிறுவனமான டி.எஸ்.எம்.சி. தன் சிப் ஆலையை வடக்கு பீனிக்ஸில், ஐ-17-உம் லூப் 303-உம் சந்திக்கும் பக்கத்தில் கட்டியிருக்கிறது. தெற்குச் சாண்ட்லரிலிருந்து அங்கே 40 மைலுக்கு மேல். பியோரியாவின் வடக்கிலிருந்தோ சர்ப்ரைஸிலிருந்தோ 303 பிடித்தால் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். “தமிழ் ஆளுங்க எல்லாம் சாண்ட்லர்லதானே இருக்காங்க” என்று அங்கே வீடு எடுத்துவிட்டு வடக்கே ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். 2019 டிசம்பரில் திறந்த தெற்கு மலை வழியான 22 மைல் லூப் 202 சாண்ட்லரையும் மேற்குப் பக்கத்தையும் நேராக இணைத்தது உண்மைதான். வடக்கே போக அதனால் பெரிய பயன் இல்லை.

விலை ஒப்பிடும்போது இரண்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்புகள்: மேற்கே 1960-இல் தொடங்கிய சன் சிட்டி, கிழக்கே சன் லேக்ஸ் போன்றவை. பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வந்துபோகலாம், குடியிருக்க முடியாது, மலிவு அதனால்தான். இரண்டாவது, வெராடோ, விஸ்டான்சியா, ஈஸ்ட்மார்க் போன்ற பெரிய புதுக் குடியிருப்புகளில் சாலைக்கும் சாக்கடைக்கும் வாங்கிய கடனை அடைக்கச் சொத்து வரியோடு தனி வரி ஒன்று வரும். அது ஹெச்.ஓ.ஏ. (வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம்) கட்டணம் இல்லை, அதற்கும் மேல்.

அந்தத் தம்பிக்கு வேலை டி.எஸ்.எம்.சி. பக்கம். பியோரியாவில் ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு எடுத்தான். ஜூலையில் மறுபடி போன்.

“அண்ணா, குழாயில பச்சத் தண்ணியே வர மாட்டேங்குது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெந்நீர்தான். ஈஸ்ட் சைடுல இப்படி இருக்காதுல்ல?”

சாண்ட்லரில் என் வீட்டுக் குழாயைத் திறந்து, கையைக் காட்டிவிட்டு உடனே எடுத்துக்கொண்டேன். “இங்கேயும் அதேதான்டா,” என்றேன். “ராத்திரியே பக்கெட்டில் பிடிச்சு வை.”