லேமினேஷன் கடைக்கு ஓடுமுன்

கடலூர் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் சுண்டல் தின்று, அலையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லைவரை கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர். இதையெல்லாம் சொல்ல ஊரிலேயே ஓர் அறை ஒதுக்கி, வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய படங்களையும் பொருள்களையும் வைக்கலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினால் நல்லதுதான். ஆனால் 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் தப்பியவை நம் ஆர்வக்கோளாறில் பாழாகக் கூடாது.

முதல் எமன் லேமினேஷன். எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றை அப்படித்தான் நானே கெடுத்தேன். சூட்டில் உருகிய பசை தாளோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பும் அதே ரகம். சில வருடங்களில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது, போட்டோவைக் கண்ணாடியோடு அழுத்தி ஃப்ரேம் போடுவது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ துல்லியத்தில். புது ஃப்ரேம் என்றால் நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரில் மாட்ட நகல் போதும். அசல் வெயில் படாமல், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். ஸ்கேனை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேர்க்காதீர்கள், தரம் சுருங்கிவிடும்.

பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்க்கும் அம்மாக்களைத் தடுப்பதுதான் பெரிய பாடு! தேய்க்கத் தேய்க்க, பொறித்த பெயரும் வருடமும் சேர்ந்து தேயும்.

பொருளை வாங்கும்போதே யார் வீட்டுப் பொருள், இரவலா தானமா என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும்.

படத்துக்குக் கீழே 'பழைய காலத்து மீனவர்கள்' என்று மட்டும் எழுதி வைப்பதை என்னால் பொறுக்க முடியாது. தெருவில் வயதான ஆயா யாரிடமாவது காட்டுங்கள். "இதோ வலை பிடிச்சிருக்கானே, இவன் என் கொழுந்தன். அந்தக் கட்டுமரம் அன்னிக்குத்தான் தண்ணில எறக்குனது" என்பார். அதைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் போதும்.