நீர் ஆலையிலிருந்து மின்சாரம் விற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

தண்ணீரைச் சுத்திகரிப்பதும் கழிவுநீரை இறைப்பதும் மின்சாரத்தை விழுங்கும் வேலைகள். கடல்நீரைக் குடிநீராக்குவதற்குச் சிங்கப்பூரின் வழக்கமான ஆலைகளில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி செலவாகிறது. ஆகவே, ஆலையின் சொந்தத் தேவையை மணிவாரியாக எழுதிவைத்துக்கொண்ட பிறகே விற்பனையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்காமல் தவிர்க்கும் மின்சாரத்தோடு அதற்கான மின்கட்டமைப்புக் கட்டணமும் மிச்சமாகும். விற்கும் மின்சாரத்துக்கோ மொத்தச் சந்தை விலை மட்டுமே கிடைக்கும்.

அடுத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது படியும் கசடிலிருந்து கிடைக்கும் உயிர்வாயுவை அளந்து பாருங்கள். அதில் சுமார் 60 விழுக்காடு மீத்தேன் இருந்தால், ஒரு கன மீட்டர் வாயு எரிந்து 6 கிலோவாட் மணி அளவுக்கு வெப்பம் தரும். இயந்திரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே மின்சாரமாக மாறும் என்பதால், 2 கிலோவாட் மணி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இயந்திரத்துக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கிவிட்டு, வாயுவைத் தூய்மைப்படுத்தும் கருவிகளுக்கான செலவில் கைவைப்பது தவறான சிக்கனம். ஹைட்ரஜன் சல்ஃபைடு உலோகத்தை அரிக்கும். ஷாம்பு, அழகுசாதனப் பொருள்கள் வழியாகக் கழிவுநீரில் சேரும் சிலாக்சேன்கள் என்னும் சிலிக்கான் சேர்மங்கள், எரிந்தபின் நுண்மணலாகி இயந்திர உருளைகளைத் தேய்க்கும்.

கசடு மட்டும் போதாது எனில் உணவுக் கழிவைச் சேர்க்கலாம். உலு பாண்டான் கழிவுநீர் ஆலையில் சோதிக்கப்பட்ட இம்முறையையும் கொண்டு, கழிவுநீரையும் குப்பையையும் ஒரே வளாகத்தில் கையாளும் துவாஸ் நெக்சஸ் தன் தேவை போக எஞ்சும் மின்சாரத்தைத் தேசிய மின்கட்டமைப்புக்கு அனுப்பும்படி திட்டமிடப்பட்டது. நெகிழிப் பைகளை முன்கூட்டியே பிரித்தெடுக்க ஏற்பாடு இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

நீர்த்தேக்கம் இருந்தால் மிதக்கும் சூரியத் தகடுகளும் பலன் தரும். 2021 ஜூலையில் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்க மின்பண்ணையின் உச்சத்திறன் 60 மெகாவாட். அந்த மின்சாரம் கூட தேசிய நீர் அமைப்பான பியுபியின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கே ஈடாகிறது. இங்குள்ள வெயிலில் ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஆண்டுக்கு 1,200 கிலோவாட் மணி என்று மதிப்பிடலாம். புனல் மின்சாரத்துக்கு நமது சமதரை இடம் தராது: விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 10 மீட்டர் விழுந்தாலும், இழப்புகளைக் கழிக்குமுன் 98 கிலோவாட்தான்.

உபரி இருப்பது உறுதியானால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிம விதிகளைப் பாருங்கள். மின்கட்டமைப்போடு இணையும் ஆலையின் திறன் 10 மெகாவாட்டை எட்டினால் மின் உற்பத்தி உரிமமும், 1 மெகாவாட்டிலிருந்து அதற்குள் இருந்தால் மொத்த விற்பனையாளர் உரிமமும் தேவை. சந்தை விலை அரை மணிக்கொரு முறை மாறுவதால், வாயுத் தொட்டியில் எத்தனை மணிநேர இருப்பு வைக்க முடியும் என்பதையும் வடிவமைப்பிலேயே முடிவுசெய்யுங்கள். சூரியத் தகட்டின் மின்சாரம் வெயில் அடிக்கும்போதே வந்துவிடும், சேமித்த வாயுவை விலை ஏறும்வரை நிறுத்திவைக்கலாம்.