குடலுக்கு இதமான மோரை வீட்டிலேயே தயாரிக்கும் முறை

மோரின் பயன், அதைக் குடிக்கும் நேரத்தில் அதிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதைப் பெரிதும் பொறுத்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு யோகர்ட்டின் உயிருள்ள பாக்டீரியாக்கள் உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டபோது, 1 கிராமில் குறைந்தது 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. வீட்டில் இதை எண்ணிப் பார்க்க இயலாது. ஆனால் அவை பெருகுவதற்கான சூழலை நம்மால் அமைத்துத் தர முடியும்.

1 லிட்டர் பாலைப் பொங்கவிட்ட பின் அடுப்பைத் தணித்து, அடிபிடிக்காமல் கிளறியபடி 10 நிமிடம் காய்ச்ச வேண்டும். இதனால் வேண்டாத கிருமிகள் அழிவதோடு, பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து தயிர் கெட்டியாக உறையவும் வழி ஏற்படுகிறது. பிறகு பாலை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால், சுத்தமான விரலை விட்டுச் சற்று நேரம் சூடு உறுத்தாமல் வைத்திருக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். அவசரப்பட்டுச் சூடான பாலில் உறை ஊற்றினால் உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் மடிந்துவிடும்; நன்றாகக் குளிர்ந்த பாலில் ஊற்றினாலோ அவை மந்தமாகவே வேலை செய்யும்.

கோடையில் ஒரு தேக்கரண்டியும் மார்கழியில் இரண்டும் என உறைமோரின் அளவை மாற்றிக்கொள்வது நல்லது. மண்சட்டி, பீங்கான், எவர்சில்வர் ஆகிய எதிலும் உறை ஊற்றலாம். ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்போடு வினைபுரியும் என்பதால் தவிர்க்க வேண்டியவை. கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் உறையும் தயிர், குளிர்காலத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் எடுக்கும்; அப்போது பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கலாம். இடையில் அசைக்கவோ கலக்கவோ கூடாது. உறைந்ததும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் புளிப்பு மேலும் ஏறாமல் மட்டுப்படும்.

என் அனுபவத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது உறைமோரைத்தான். நன்கு உறைந்து இன்னும் புளிக்காத தயிரிலிருந்து ஒரு கரண்டியை முதலிலேயே தனியே எடுத்து வைத்து, அடுத்த ஓரிரு நாளுக்குள் பயன்படுத்துவது சிறந்தது. பாத்திரத்தின் அடியில் எஞ்சிய புளித்த மிச்சத்தையே திரும்பத் திரும்ப ஊற்றினால் தயிரும் நாளுக்கு நாள் அதிகப் புளிப்பாகும். இளஞ்சிவப்புப் புள்ளிகள், பூஞ்சணம், நூல்போல இழுபடும் தன்மை, கசப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டு வேறு வீட்டிலிருந்து புது உறைமோர் வாங்குங்கள். கடைத் தயிரை உறைக்குப் பயன்படுத்துவதானால், உறைந்த பிறகு மீண்டும் சூடுபடுத்தப்படாததாக அது இருக்க வேண்டும்.

குடிக்கும் வேளையில் ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து மத்தால் கடையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரே ஏற்றது. அசுத்தமான நீர் கலந்தால் மோரே நோய்க்குக் காரணமாகிவிடும். வெண்ணெய் எடுத்த மோரிலும் பாக்டீரியாக்கள் இருக்கும். நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, சிட்டிகைப் பெருங்காயம், அளவான உப்பு ஆகியவை போதும். கடுகு தாளிப்பதானால் எண்ணெயை ஆறவிட்ட பிறகே சேருங்கள். மோர்க்குழம்புக்காகக் கொதிக்க வைத்த மோருக்குத் தனிச் சுவை உண்டு, ஆனால் அதில் உயிருள்ள பாக்டீரியாக்கள் எஞ்சுவதில்லை.

இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் நிலையாகக் குடியேறாமல் கடந்து செல்பவை என்பதால், என்றோ ஒருநாள் நிறையக் குடிப்பதைவிட நாள்தோறும் மதிய உணவோடு ஒரு குவளை குடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் மோரைத் தவிர்க்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடிப்பது நல்லது.