8 இன்ச் சப்வூஃபர்: எந்த ஆம்ப், அறையில் எந்த இடம்?

சப்வூஃபருக்கு (பாஸுக்கான ஸ்பீக்கருக்கு) பெட்டி அடித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட் ஆம்ப் போர்டு வாங்கலாம்?" என்றுதான். போர்டில் அச்சடித்திருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். வூஃபரின் ஓம் (மின் எதிர்ப்பு) எவ்வளவு, சப்ளை எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

'100 வாட் மோனோ' என்று விற்கும் டிபிஏ3116 (ஒரு ஆம்ப் ஐசி) போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் 4 ஓம் வூஃபரில் 18 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்கும் இந்த பிரிட்ஜ் வகை ஆம்புக்குக் கணக்கு இதுதான்: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் வகை பவர் சப்ளை) கொடுத்தால் கணக்கில் 72 வாட். கையில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. 10க்கு 12 அடி அறைக்கு அது தாராளம். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றாதீர்கள்; ஐசி 26 வரைதான் தாங்கும்.

டிடிஏ7294 என்ற இன்னொரு ஆம்ப் ஐசி போடுபவர்கள் தடுமாறுவது டிரான்ஸ்ஃபார்மரில். 4 ஓமுக்கு 20-0-20 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 20 வோல்ட்), 5 ஆம்பியர். டிசியாக ரெக்டிஃபை ஆனபின் ±27 வோல்ட் கிடைக்கும். 24-0-24 என்பது 8 ஓமுக்கு உரியது. அதை 4 ஓமில் ஓட்டினால் ஐசி கொதித்து, பாட்டு நடுவில் நின்று நின்று வரும். ப்ளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டும் திருகுக்குப் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கி, அது கேபினட்டைத் தொட்டால் ஃப்யூஸ் போய்விடும்.

இனி இடம். 565ஐ அறையின் அடிக்கணக்கால் வகுத்தால், அந்தச் சுவர்களுக்கிடையே எந்த ஹெர்ட்ஸ் தூக்கலாகக் கேட்கும் என்று தெரியும்: 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் எல்லாம் 56இல் வந்து குவியும். எந்தப் பாட்டிலும் அந்த ஒரே 'கும்'. செங்கல் சுவர் பாஸை வெளியே விடாமல் திருப்பி அனுப்புவதால் இது இன்னும் மோசமாகும். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், ஏற்ற இறக்கமும் அதிகம். நீங்கள் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 56 காணாமல் போகும்.

ஆகவே சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வையுங்கள். போனிலிருந்து 40, 50, 60, 70 ஹெர்ட்ஸ் டோன்களை மெதுவான வால்யூமில் ஓட்டி, சுவரோரம் தரையோடு காதை வைத்துத் தவழ்ந்து வாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடமே சப்புக்கான இடம். பெட்டியின் காற்றுத் துளை (போர்ட்) பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து 10 செ.மீ. விடுங்கள்.

லோ பாஸை (அதற்கு மேலுள்ள ஒலியைக் குறைக்கும் ஃபில்டரை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, மெயின் ஸ்பீக்கர்களும் ஓடும்போது 80 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். ஆம்பை நிறுத்திவிட்டு வூஃபர் ஒயர்களை மாற்றிப் போட்டு மீண்டும் கேளுங்கள். எப்படிப் போட்டால் சத்தம் கூடுகிறதோ அதுவே சரியான ஃபேஸ் (சப்பும் மெயின் ஸ்பீக்கர்களும் ஒத்து இயங்கும் நிலை).

ஹம் (விடாத 'ம்ம்' இரைச்சல்) வந்தால் ஆம்பின் இன்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். அப்போதும் இருந்தால் கெப்பாசிட்டர், ரெக்டிஃபையர் பக்கம் தேடுங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் கிரவுண்ட் ஒயர்கள் வழியே சுற்றி ஓடும் மின்னோட்டம்). டிவியையும் ஆம்பையும் ஒரே பிளக் பாக்ஸில் செருகினால் பல நேரம் அடங்கிவிடும். எர்த் ஒயரைக் கழற்றி ஹம்மை நிறுத்தும் வைத்தியம் மட்டும் வேண்டாம்: டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆனால் கேபினட்டைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.