கோவையில் பிரசவம், கொழிஞ்சாம்பாறையில் வீடு: குழந்தையின் பெயரை எங்கே, எப்படிப் பதிவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து பிரசவத்துக்குக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அப்படிப் பிறந்த குழந்தையை ஊருக்கு வந்து நம் பஞ்சாயத்தில் பதிய முடியாது. பிறப்பு எந்த எல்லைக்குள் நடந்ததோ, அங்குள்ள பதிவாளரிடம்தான் பதிவு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் சொல்வது இதுதான். தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. 21 நாளுக்குள் போய்விட்டால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நிலையிலுள்ள மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிதான் அனுப்புகிறதே என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன் படிவத்தை வாங்கி, நீங்களே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரியின் பெயரும், பெற்றோரின் நிரந்தர முகவரியில் கேரள வீட்டு முகவரியும் இருக்க வேண்டும். பிரசவத்துக்காகத் தங்கிய உறவினர் வீட்டு முகவரி இரண்டாவது கட்டத்தில் ஏறிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

அடுத்தது இனிஷியல். தமிழ்நாட்டு வழக்கில் 'மு. கவின்' என்று எழுதுவோம். கேரளப் பள்ளிப் பதிவேட்டில் அது 'கவின் எம்' ஆகும். அந்த எழுத்து அப்பா பெயரா, வீட்டுப் பெயரா என்று அடுத்த அலுவலகத்தில் கேட்பார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலையே ஏற்கமாட்டார்கள். விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே முதல் பதிவிலேயே 'கவின் முருகேசன்' என்று முழுதாகக் கொடுப்பதே நல்லது. வளைகுடாவுக்குப் போகிற வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

ஆங்கில எழுத்துக்கூட்டை யூகித்து எழுதாமல், அப்பாவின் ஆதாரில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள். மலையாளத்தில் பெயர் ஏறும்போது வேறொரு சிக்கல். பழனிக்கும் பாலனுக்கும் தமிழில் ஒரே 'ப'. மலையாளத்தில் வெவ்வேறு எழுத்து. தமிழ்ச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பாலன் வேறு யாரோ ஆகிவிடுவார். பெயரை வாய்விட்டுச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் முடிவாகவில்லையா? கட்டத்தைக் காலியாக விடுங்கள். அவசரத்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து மாற்றுவதைவிட அது எளிது. பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிழை வந்துவிட்டால் பதிவு செய்த அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் கையெழுத்திடுவார். சான்றிதழைச் சரிசெய்த பிறகே ஆதாருக்குப் போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம், பள்ளிச் சான்று உதவாது.

கோவையில் பிறந்ததால் பிள்ளைக்குக் கேரளச் சலுகை போய்விடுமோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. கேரள இன்ஜினியரிங், மெடிக்கல் சேர்க்கையில் தாயோ தந்தையோ கேரளத்தில் பிறந்தவர் என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்றும் செல்லும். எனவே பெற்றோரின் பிறப்புச் சான்றிதழையோ எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையோ பத்திரப்படுத்துங்கள்.

கேரள அலுவலகங்களுக்கான மனுக்களை மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று ஏஜென்டிடம் ஓட வேண்டாம். சிறுபான்மை மொழிப் பகுதியாக அரசு அறிவித்த இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.